ரூட்டரின் தகுதி: ரத வீதியிலும் தோப்பு வீட்டிலும்

வீட்டு ரூட்டரின் திறனை அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்ணைக் கொண்டு தீர்மானிப்பது, வலைப்பயிற்சியில் அடித்த சிக்சர்களைப் பார்த்து டெஸ்ட் அணிக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒப்பாகும். டெஸ்ட் போட்டிகளில் மிக அதிகமாக 31,258 பந்துகளைச் சந்தித்த ராகுல் திராவிடின் மதிப்பை ஓட்ட வேகம் சொல்லிவிடாது. ஆடுகளம் மோசமாக இருந்த நாளில் அவர் எவ்வளவு நேரம் நின்றார் என்பதே சொல்லும். ரூட்டரையும் அதன் மோசமான மணி நேரத்தில் வைத்தே எடைபோட வேண்டும்.

‘ஏசி 1200’ என்ற வகையில், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குரிய 300 மெகாபிட்டையும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குரிய 867 மெகாபிட்டையும் கூட்டி, வந்த தொகையை மேலே உயர்த்தி 1200 என்று எழுதுகிறார்கள். இந்த வகை ரூட்டருடன் ஒரு கைபேசி ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையில்தான் பேசும் என்பதால் அந்தக் கூட்டுத்தொகை எந்தக் கைபேசிக்கும் கிடைப்பதில்லை. மேலும், விலை குறைந்த பல ரூட்டர்களில் ஃபைபர் பக்கத்துக் கம்பியைச் செருகும் துளை 100 மெகாபிட்டுக்கு மேல் கடத்தாது. வீட்டுக்காரர் 200 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டினாலும் உள்ளே வருவது ஏறத்தாழ 95 மெகாபிட்தான். வாங்குவதற்கு முன் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் துளையின் வேகத்தையே.

அடுத்தது இடம். ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளிலும் ராஜபாளையம் அம்பலபுளி பஜார் சுற்றுப்புறத்திலும் வீடுகள் சுவரோடு சுவராக நிற்பதால், பக்கத்து வீடுகளின் அலைகளும் ஒரே கூடத்துக்குள் வந்து சேர்கின்றன. இந்தியாவில் 2005இல் உரிமக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்ட 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று தொடாத சேனல்கள், அதாவது அலைப்பாதைகள், நடைமுறையில் 1, 6, 11 ஆகிய மூன்றே. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்க வேண்டும் என்பதால், மெதுவாகப் பேசும் பழைய கைபேசி ஒன்று அனைவருடைய நேரத்தையும் விழுங்கிவிடும். 2018இல் விரிவாகத் திறந்துவிடப்பட்ட 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். ஆனால் அதன் அலை சுவர்களைத் தாண்டும்போது விரைவில் தளர்ந்துவிடும். சுவர் இப்படி அலையைத் தடுப்பது நெருக்கமான தெருவில் குறையும் ஆகும், அண்டை வீட்டு இரைச்சலையும் தடுப்பதால் காவலும் ஆகும்.

ராஜபாளையத்துக்கு மேற்கே, ஊருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தைத் தொட்டு, நீர்காத்த அய்யனார் கோவிலை நோக்கி மலையடிவாரத்துக்குச் செல்லும் சாலையோரத்துத் தோப்பு வீடுகளில் கணக்கு மாறுகிறது. அங்கே போட்டியிடும் அண்டை ரூட்டர்கள் குறைவு. தடையாக நிற்பவை மாவும் தென்னையும்தான். நீர் நிறைந்த இலைகள் அலையை உறிஞ்சும். 5 கிகாஹெர்ட்ஸ் அதிகமாகவும் 2.4 சற்றுக் குறைவாகவும் இழக்கும். மோட்டார் அறை வரை எட்ட வேண்டுமென்றால் விலை உயர்ந்த ரூட்டரைவிட, கம்பி இழுத்து அங்கே வைக்கும் இன்னொரு சிறு ரூட்டரே பயன் தரும்.

அளக்க வேண்டிய மையமான அளவு, சுமையின்போது ஏற்படும் தாமதம். ஒரு கைபேசி பெரிய காணொளியை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொரு கருவியிலிருந்து ‘பிங்’ அனுப்ப வேண்டும். பிங் என்பது ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரத்தைக் கணக்கிடும் முறை. ரூட்டரின் சொந்த முகவரிக்கு அனுப்பிய பிங் சில மில்லிவினாடிகளில் திரும்பினால் வீட்டுக்குள்ளான அலை நன்று. அது நன்றாயிருந்தும் வெளியே அனுப்பியது மட்டும் நூற்றுக்கணக்கான மில்லிவினாடிகளுக்கு ஏறினால், பாதையில் தரவு வரிசைகட்டித் தேங்குகிறது என்று பொருள். 2018இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியான ‘எஃப்கியூ-கோடல்’ முறை இந்தத் தேக்கத்தையே குறைக்கிறது. அதைக் கொண்ட நடுத்தர விலை ரூட்டர், அதில்லாத வேகமான ரூட்டரைவிட மாணவரின் நேரலை வகுப்புக்கு உறுதியான துணை. சராசரியைவிட, நூறு பிங்குகளில் மிகமோசமான ஐந்து எவ்வளவு என்பதைக் குறித்துக்கொள்வது நல்லது. குரல் அறுபடுவது அந்த ஐந்தில்தான்.

நம்பகத்தன்மை என்பது வேறு சோதனை. பெரும்பாலான வீட்டு ரூட்டர்கள் 40 டிகிரி செல்சியஸ் வரையே இயங்க வடிவமைக்கப்பட்டவை. சித்திரை, வைகாசி வெயிலில் கான்கிரீட் கூரையின் கீழ், மூடிய மர அலமாரிக்குள் வைத்தால் அந்த எல்லை எளிதில் மீறப்படும். மின்சாரம் போய்வரும் ஊரில், ஃபைபரின் ஒளியை மின்குறிகளாக மாற்றும் ஓஎன்டி கருவிக்கும் ரூட்டருக்கும் சேர்த்தே மின்கல இணைப்பு தேவை. ஒன்றுக்கு மட்டும் கொடுப்பதில் பயனில்லை. இடி மின்னலின்போது கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அதைத் தாங்கிவரும் எஃகுக் கம்பியும் மின் அடாப்டரும் கடத்தும்.

பழியை ரூட்டர்மேல் போடும் முன் ஓஎன்டியில் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரிந்தால் ஒளி வந்துசேரவில்லை. எந்த ரூட்டரை மாற்றினாலும் தீராது. எரியாவிட்டாலும், ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்தில் காட்டப்படும் ஒளி அளவு மைனஸ் 27 டிபிஎம்மை நெருங்கினால் மழை நாளில் தொடர்பு அறுபடும் வாய்ப்பு அதிகம். அப்போது அழைக்கப்பட வேண்டியவர் ஃபைபர் இணைப்புக்காரரே.