சுமை என்னும் சொல்

கியூபாவின் விடுதலையைக் காரணங்காட்டி 1898-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் இசுபெயினொடு பொருதன. சில திங்களிற் போர் ஓய்ந்தது. திசம்பர் 10-ஆம் நாள் எழுந்த பாரிசு உடன்படிக்கையால் போர்ட்டோ ரிக்கோவும் குவாமும் அவற்றின் வயமாயின. இரண்டு கோடி டாலருக்குப் பிலிப்பைன் தீவுகளும் வந்தடைந்தன. விடுவிக்கப் புறப்பட்ட நாடு பேரரசாயிற்று.

1899 பிப்ரவரியில் வெளிவந்த கிப்ளிங்கின் ‘வெள்ளையனின் சுமை’ இம்மாற்றத்தை அறமெனக் காட்ட முயல்கின்றது. ஆள்வோன் பெறும் ஊதியத்தை மறைத்து, அவன் உழைப்பையே அஃது விரிக்கின்றது. ஆளப்படுவோர் குரலோ நன்றியற்ற முறையீடாகவே ஒலிக்கின்றது. 1898 சூன் 12-இலேயே அம்மக்கள் தம் விடுதலையைப் பறைசாற்றினர் என்பதற்குப் பாடலில் இடமில்லை. தொடக்கத்தில் இப்போரை ஆதரித்த மார்க் துவைன், 1901-இல் எழுதிய கட்டுரையில் இப்போலியறத்தை எள்ளினார். யாப்பமைதி கருதி இப்பாடலைப் போற்றுவார், அது மறைத்ததனையும் உடன்வைத்தே மதிப்பிடல் வேண்டும்.