குறுந்தொகை 167: சொல்லப்படாத அன்பும் அதனைக் கண்ட கண்ணும்

சங்க அக இலக்கியத்தில் காதலை வாய்விட்டு உரைக்கும் பாடல்கள் பல உள்ளன. அவற்றின் நடுவே, காதல் என்றோ அன்பு என்றோ ஒரு சொல்லும் இன்றி, அடுக்களையில் நிகழும் ஒரு சிறு செயலை மட்டும் காட்டி அமைந்துவிடும் பாடல் குறுந்தொகை 167. கூடலூர் கிழார் பாடிய இம்முல்லைப் பாடல் ஆறே அடிகளால் ஆனது. மணமனைக்குச் சென்று திரும்பிய செவிலி நற்றாயிடம் கூறுவதாக அமைந்தது. 1937இல் உ.வே.சாமிநாதையர் விரிவான உரையுடன் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பின் துணையால் இன்று எவரும் இதன் பொருளை எளிதில் அறியலாம். மேடைகளிலும் இது அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. எடுத்தாளப்படும் அளவிற்கு ஊன்றிப் படிக்கப்படுகின்றதா என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

பாடலின் செய்தி வருமாறு. முற்றிய தயிரைத் தலைவி தன் மெல்லிய விரலால் பிசைகின்றாள். அவ்விரலைத் துடைத்த ஆடையைத் துவைக்காமலேயே உடுத்தியிருக்கின்றாள். தாளிப்பின் புகை மை தீட்டிய கண்களில் நிறைகின்றது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் 'இனிது' என உண்கின்றான். அதனால் அவள் முகம் நுண்ணிதாக மகிழ்கின்றது.

இதற்கு வகுப்பறைகளிலும் மேடைகளிலும் இருவகை விளக்கங்கள் வழங்குகின்றன. சமையல் அறியாத இளம்பெண் ஆக்கிய உணவு சுவையற்றிருந்தும், மனைவி மனம் நோகாதிருக்கக் கணவன் இனிது என்றான் என்பது முதலாவது. கேட்பதற்கு நயமாக இருப்பினும் பாடலில் இதற்குச் சான்றில்லை. செவிலி தன் கூற்றிலேயே அக்குழம்பைத் 'தீம்புளி' என்று இனிமை சேர்த்தே குறிப்பிடுகின்றாள். தலைவி இத்தொழிலுக்குப் புதியவள் என்பதைத் துவைக்காத ஆடையும் புகையேறிய கண்ணும் உணர்த்தலாம். 'தான்' என்னும் சொல், பிறர் செய்யக்கூடிய வேலையை அவளே செய்தாள் என்பதை உணர்த்துகின்றது. ஆனால் கைப்பழக்கம் இல்லை என்பதும் சுவை இல்லை என்பதும் ஒன்றல்ல. கணவனின் சொல்லைப் பொய்யாக்கினால்தான் அவன் அன்பு வெளிப்படும் என்று எண்ணுவது பாடலின் நுட்பத்தை ஒரு நகைச்சுவைத் துணுக்காகக் குறுக்கிவிடுகின்றது.

இரண்டாவது விளக்கம் இதனினும் பரவலானது. கூடுதல் தீங்கு செய்வது. தலைவியின் கடமையுணர்வு, கற்பு, இல்லற மாண்பு ஆகியவற்றை விளக்கும் பாடல் இது என்று கூறி மாணவரிடம் அப்பண்புகளைப் பட்டியலிடச் சொல்வதே அது. அவ்வாறு படிக்கும்பொழுது பெண்ணின் உழைப்பே அன்பாகவும், அதனை ஏற்பதே ஆணின் பங்காகவும் ஆகிவிடுகின்றன. இன்றைய மாணவியர் சிலர் இப்பாடலை வெறுப்புடன் அணுகுவதற்கு இவ்விளக்கமே காரணம் எனலாம். குறை பாடலில் இல்லை. பாடலின் இலக்கணத்தைக் கவனித்தால் வேறொரு நிலை புலப்படும்.

முதலாவதாக, 'உண்டலின்' என்பது ஏதுப்பொருளில் நிற்கின்றது. சமைத்ததால் அவள் மகிழவில்லை. அவன் உண்டதால் மகிழ்ந்தாள். முதல் நான்கு அடிகளின் உழைப்பு அத்தனையும் ஐந்தாம் அடியில் எதிர்விடை பெற்ற பின்னரே ஆறாம் அடி பிறக்கின்றது. அவ்விடை இல்லையெனில் எஞ்சுவது ஆடைக்கறையும் கண்ணெரிச்சலுமே. பாராட்டப்படாத உழைப்பைப் போற்றும் பாடலாக இதனைக் கொள்வதற்கு இவ்வொரு சொல்லே தடையாக நிற்கின்றது.

இரண்டாவதாக, அவ்விடைதான் எத்தகையது? 'என' என்னும் இடைச்சொல் வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் ஆகிய ஆறு நிலைகளில் வரும் என்று தொல்காப்பிய இடையியல் கூறும். கணவன் வாய்திறந்து 'இனிது' என்றான் எனக் கொள்வதே பெருவழக்கு. எனினும் அவன் உண்ட முறையிலேயே அது தெரிந்தது என்று கொள்வதையும் பாடல் விலக்கவில்லை. சொன்னதாகவே வைத்துக்கொள்வோம். அப்பொழுதும் அவன் சொன்னது குழம்பைப் பற்றியதே அன்றி அவளைப் பற்றியதன்று. அவள் அதனை வேறொன்றாகக் கேட்கின்றாள். 'சாப்பிட்டாயா?' என்னும் ஒரு வினாவிலேயே பெற்றோரின் அன்பு முழுவதையும் கேட்டு வளர்ந்த நம் மாணவர்க்கு இதனைப் புரியவைப்பது கடினமன்று.

மூன்றாவது, எழுவாய். மகிழ்ந்தது அவள் என்று பாடல் கூறவில்லை. அவள் முகம் என்றே கூறுகின்றது. 'மகிழ்ந்தன்று' என்பது அஃறிணை ஒருமை உடன்பாட்டு வினைமுற்று. (இதனை எதிர்மறையாகக் கொண்டு 'மகிழவில்லை' என்று எழுதும் மாணவர் உண்டு, ஆசிரியர் முன்கூட்டியே தெளிவுபடுத்துவது நலம்.) உள்ளத்தினுள் நுழைந்து பார்த்ததாகக் கூறாமல், வெளியே தெரிந்ததை மட்டும் கூறும் கூற்று இது. அதுவும் 'நுண்ணிதின்' தெரிந்ததை. கணவன் அதனைக் கண்டானா என்பதற்குப் பாடலில் விடையில்லை. கண்டவள் செவிலி.

இவ்விடத்தில்தான் செவிலி ஏன் பேசுகின்றாள் என்பது விளங்குகின்றது. தலைவி இதனைத் தோழியிடம் கூறியிருந்தால் தற்பெருமையாகியிருக்கும். தலைவன் கூறியிருந்தால் புகழுரையாகியிருக்கும். சொல்லாத அன்பிற்குச் சான்று கூற, அம்முகத்தைக் குழந்தைப் பருவம் முதல் படித்துப் பழகிய ஒருத்தி தேவைப்படுகின்றாள். கண்ணாலும் செவியாலும் திண்ணிதின் உணரவல்லார்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருளை அறிதல் அரிது என்று மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பா கூறுகின்றது. முகம் நுண்ணிதின் காட்டுகின்றது. காண்பவர் திண்ணிதின் உணரவேண்டும். இலக்கண நூலும் இச்சிறு பாடலும் ஒன்றையொன்று விளக்கி நிற்கும் இடம் இது.

செயலின் வழி வெளிப்படும் அன்பு எப்பொழுதும் இத்தகைய மகிழ்ச்சியில்தான் முடியும் என்பதில்லை. போதனார் பாடிய நற்றிணை 110ஐ உடன்வைத்துப் பார்த்தல் வேண்டும். தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்திச் செவிலியர் துரத்தியும் உண்ண மறுத்து ஓடிய சிறுமி, கணவன் குடி வறுமையுற்றபொழுது தந்தையின் வளமான சோற்றை நினையாமல், ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்கின்றாள். இங்குச் செயல் என்பதே செய்யாமைதான்: கேளாமை, நினையாமை, உண்ணாமை. தாயர் கூற்றாக அமைந்த அப்பாடலில் வியப்பு மேலோங்கி நிற்கின்றது. இவ்வறிவை இவள் எங்குக் கற்றாள் என்று வினவுகின்றனர். அவ்வியப்பின் அடியில் பிள்ளை பட்டினி கிடப்பதைக் கண்ட தாயின் வலியும் இருக்கின்றது என்பது என் கருத்து. இரு பாடல்களையும் 'இல்லற மாண்பு' என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடக்கிவிட்டால், ஒன்றில் அன்பு விடை பெற்றது என்பதும் மற்றொன்றில் விடையின்றியே தொடர்கின்றது என்பதும் மறைந்துபோகின்றன.

ஐங்குறுநூறு 203 இதற்கு மறுதலையானது. அங்குக் கபிலரின் தலைவி தன் வாயாலேயே கூறிவிடுகின்றாள்: மான் உண்டு எஞ்சிய கலங்கல் நீரும் அவர் நாட்டில் தேன் கலந்த பாலைவிட இனியது என்கின்றாள். அங்கும் அன்பைச் சுமப்பது சுவையைக் குறிக்கும் சொல்லே. ஆயினும் ஐயத்திற்கு இடமில்லை. படிப்பவர்க்கு வேலையும் மிகுதியாக இல்லை.

குறுந்தொகை 167ஐக் கற்பிக்கும்பொழுது தலைவியின் பண்புகளைக் கேட்பதற்கு மாறாக, மகள் நலமாக இருக்கின்றாள் என்பதைச் செவிலி எதனைக் கொண்டு அறிந்தாள் என்று கேட்கலாம். அதற்கு விடையெழுத மாணவர் ஆடைக்கும் புகைக்கும் குழம்பிற்கும் முகத்திற்கும் திரும்பிச் செல்ல வேண்டியிருக்கும். நற்றாய்க்கும் அதுவே நிலை. 'உன் மகள் மகிழ்ச்சியாக இருக்கின்றாள்' என்று செவிலி அவளிடம் கூறவில்லை. தான் கண்டதை மட்டும் வரிசையாகக் கூறி நிறுத்திக்கொள்கின்றாள்.