ஹெவி மெட்டல் இசையும் தமிழ்ச் செவியும்

ஹெவி மெட்டல் என்பது 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் உருவாகி உலகெங்கும் பரவிய ராக் இசைப் பிரிவு. தமிழில் இது ‘கன உலோக இசை’ என்றும் எழுதப்படுகிறது. கரகரப்பாக்கப்பட்ட மின்கிதார் ஒலி, இடியெனத் தொடரும் முரசடி, உரத்த அல்லது உறுமும் குரல், சாவு, போர், பேய், பைத்தியம் போன்ற பாடுபொருள்கள் ஆகியவை இதன் அடையாளங்கள்.

தமிழ்ச் சூழலில் இந்த இசையை மேலைநாட்டுக் கூச்சல் என்றும் நம் மரபுக்கு முற்றிலும் அந்நியமானது என்றும் ஒதுக்குவது வழக்கம். அதை விரும்பிக் கேட்கும் இளைஞர்களிலும் பலர் அது அந்நியமானது என்பதையே அதன் சிறப்பாகக் கருதுகின்றனர். விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சியையும் மண்டகப்பட்டையும் சுற்றியுள்ள ஊர்களின் கலைகளோடும், சிங்கப்பூரின் ருத்ரா குழுவோடும் ஒப்பிட்டுப் பார்த்தால் இவ்விரு கருத்துகளும் பாதி உண்மையே என்பது புலப்படும்.

தோற்றம்

ஹெவி மெட்டலின் பிறப்பிடமாகப் பெரும்பாலோர் சுட்டுவது பர்மிங்காம் என்ற தொழிற்சாலை நகரத்தை. அங்கு உருவான பிளாக் சபாத் குழுவின் முதல் இசைத்தொகுப்பு 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தது. குழுவின் கிதார் கலைஞர் டோனி ஐயோமி, 17 வயதில் உலோகத் தகடு செய்யும் ஆலையில் வேலை பார்த்தபோது வலக்கையின் இரு விரல் நுனிகளை எந்திரத்தில் இழந்தவர். இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் தந்திகளை அழுத்த வேண்டிய விரல்கள் அவை. பிளாஸ்டிக்கை உருக்கித் தாமே விரலுறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் தந்திகளின் இறுக்கத்தையும் தளர்த்தினார். இறுக்கம் குறைந்ததால் சுருதி இறங்கியது, ஒலி கனத்தது. 1971இல் வந்த மூன்றாம் தொகுப்பில் இந்தத் தாழ்ந்த சுருதியைத் தெளிவாகக் கேட்கலாம். இந்த இசையின் கனத்துக்குப் பின்னால் ஓர் ஆலைத் தொழிலாளியின் காயம் இருக்கிறது.

1980களில் இசையின் வேகம் கூடியது. அயன் மெய்டன் குழுவின் முதல் தொகுப்பு 1980இல் வந்தது. 1981இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட மெட்டாலிகா, ‘த்ராஷ்’ என்னும் விரைவு வகையை வளர்த்தது. 1980களின் பிற்பகுதியில் உறுமும் குரலைக் கொண்ட ‘டெத் மெட்டல்’ உருப்பெற்றது. 1990களின் தொடக்கத்தில் நார்வேயில் ‘பிளாக் மெட்டல்’ வேரூன்றியது. அங்குச் சிலர் தேவாலயங்களுக்குத் தீ வைத்ததால் இந்த இசை முழுவதற்குமே வன்முறைப் பழி வந்து சேர்ந்தது.

இசையியல்பு

மெட்டல் கிதாரின் அடிப்படை ‘பவர் கார்டு’. நம் இசையின் சொற்களில் சொன்னால் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்து ஒலிப்பது. தம்புராவில் மீட்டப்படுவதும் பொதுவாக இவ்விரு சுரங்களே. ஒலியைக் கரகரப்பாக்கும்போது காந்தாரம் சேர்ந்தால் ஒலி குழம்பிவிடும். சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் தெளிவாக நிற்கும். அதனாலேயே மெட்டல் இந்த இணையைப் பற்றிக்கொண்டது.

பிளாக் சபாத்தின் முதல் தொகுப்பு தொடங்கும் பாடலில் அச்சமூட்டுவது, சட்ஜத்தோடு பிரதி மத்திமத்தை மோதவிடும் இடைவெளி. ஐரோப்பிய இசைக் கோட்பாடு சாத்தானோடு சேர்த்துப் பேசிய இடைவெளி அது. கர்நாடக இசையிலோ 72 மேளகர்த்தாக்களில் 36 பிரதி மத்திமம் கொண்டவை. கல்யாணியின் இனிமைக்கு அந்தச் சுரமே காரணம். மெட்டல் குழுக்கள் விரும்பிக் கையாளும் ‘ஃபிரிஜியன்’ சுர வரிசை, தோடியின் சுர வரிசையே. சுரங்கள் ஒன்றாக இருந்தாலும் தோடியை உருவாக்கும் கமகங்கள் மெட்டலில் இல்லை. அச்சம் சுரத்தில் இல்லை. அது ஒலிக்கும் சுருதியிலும் வேகத்திலும் கரகரப்பிலும் இருக்கிறது. தமிழ்ச் செவிக்கு மெட்டலின் சுரங்கள் புதியவை அல்ல. புதியது அவற்றின் ஒலிநிறம்.

செஞ்சி வட்டாரக் கலைகள்

அந்த ஒலியின் ஆவேசத்துக்கும் தமிழில் இணை உண்டு. செஞ்சியை அடுத்த மேலச்சேரி, திரௌபதி அம்மன் வழிபாட்டின் மூல இடமாகக் கருதப்படுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் இவ்வழிபாட்டைப் பற்றி 1988இல் வெளியிட்ட நூலின் துணைத்தலைப்பு, செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்ற பொருள் தருவது. திரௌபதி அம்மன் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவு முழுதும் தெருக்கூத்தும் நடக்கும். மத்தளத்தின் அடியும், காதைத் துளைக்கும் முகவீணையும், உச்சக் குரலில் பாடும் வேடதாரியும், கட்டை கட்டி கிரீடம் வைத்து அவர் சுழன்றாடும் கிறுகிறுப்பும் பார்ப்பவரை உலுக்கும். இறுதி நாளில் மண்ணால் பிரம்மாண்டமாகச் செய்து கிடத்தப்பட்ட துரியோதனன் உருவத்தருகே படுகளம் நடக்கும். ஊர்ப் பெண்கள் அழுவதும் ஆவேசம் கொள்வதும் உண்டு.

செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் மாசி மாதம் மயானக்கொள்ளை நடக்கிறது. பம்பையும் உடுக்கையும் முழங்க, காளி வேடமிட்டவர்கள் சுடுகாட்டுக்குச் செல்கின்றனர். மெட்டல் இசைத்தொகுப்புகளின் அட்டையில் வரும் மண்டையோடும் எலும்பும் மயானமும் இங்கே குழந்தைகளைத் தோளில் சுமந்து வரும் குடும்பங்களின் நேர்த்திக்கடனில் இடம்பெறுகின்றன.

இலக்கியத்திலும் இந்த இழை உண்டு. காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுச் சுடுகாட்டையும் பேய்களையும் பாடினார். 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் அடுவதை விரிவாகப் பாடினார். தொல்காப்பியம் கூறும் 20 வண்ணங்களில் வல்லிசை வண்ணமும் ஒன்று. கொடூரமும் உரத்த ஓசையும் தமிழில் கலைக்கு வெளியே நிறுத்தப்பட்டவை அல்ல.

ஈர்ப்பின் காரணம்

மெட்டலைக் கேட்பவர் வன்முறையை விரும்புகிறார் என்பது மேலோட்டமான முடிவு. அச்சத்துக்கும் கோபத்துக்கும் ஓர் ஒழுங்கான வடிவம் கிடைப்பதே இதன் ஈர்ப்பு. மெட்டல் கேட்பதற்குக் குழப்பமாக இருந்தாலும் வாசிப்பதற்குக் கடும் பயிற்சி தேவைப்படும் இசை. தாள மாற்றங்களில் ஒரு கணம் பிசகினாலும் கேட்பவருக்குத் தெரிந்துவிடும். கூத்திலும் அப்படியே. துரியோதனன் வேடமிட்டவர் வெறிகொண்டு சுழன்றாலும் அவருடைய அடவு மத்தளத்தை விட்டு விலகாது. கட்டுக்குள் நிற்கும் ஆவேசமே இரண்டையும் கேட்கத்தக்கதாக ஆக்குகிறது.

ஆனால் இந்த ஒப்பீட்டை ஓரளவுக்கு மேல் இழுக்க முடியாது. கூத்து ஊரின் நேர்த்திக்கடனோடு கட்டுண்டது. அதைக் காண வருபவர் அந்த ஊர்க்காரர் அல்லது பக்தர். மெட்டலோ ஊரையும் குடும்பத்தையும் விட்டு விலகி நிற்க விரும்பும் தனியாள் தேர்ந்துகொள்வது. கூத்துக்காரரின் உச்சக் குரல் ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் எட்டுவதற்காக வளர்ந்தது. டெத் மெட்டலின் உறுமலோ மைக் இருப்பதாலேயே அரங்கில் எடுபடுகிறது. ஆகவே ஒன்று மற்றொன்றின் மூலம் என்று சொல்வதற்கில்லை. ஒரே தேவைக்கு இரு சமூகங்கள் கண்ட இருவேறு விடைகள் என்று கொள்வதே பொருந்தும்.

ருத்ரா

இந்தியாவில் இந்த இசை கல்லூரி விழாக்கள் வழியாகவும் நகரக் குழுக்கள் வழியாகவும் பரவியது. 2007இல் அயன் மெய்டனும் 2011இல் மெட்டாலிகாவும் பெங்களூரில் வாசித்தனர். சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழா ராக், மெட்டல் ரசிகர்கள் கூடும் இடமாக இருந்துவருகிறது. இங்குள்ள குழுக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பாடின.

சொந்தப் பண்பாட்டிலிருந்து மெட்டலுக்குப் பாடுபொருள் தேடிய முயற்சிகளில் முக்கியமானது, 1992இல் சிங்கப்பூரில் தமிழ்ப் பின்புலம் கொண்ட இளைஞர்கள் தொடங்கிய ருத்ரா. பாடகரும் பேஸ் கிதார் கலைஞருமான கதிரும், முரசு வாசிக்கும் சிவாவும் இதன் தூண்கள். டெத் மெட்டல் ஒலியோடு சமஸ்கிருதச் சுலோகங்களையும் வேதாந்தக் கருத்துகளையும் இணைத்ததால் இவர்களுடைய இசை ‘வேத மெட்டல்’ எனப்படுகிறது. ‘குருக்ஷேத்ரா’ (2003), ‘பிரம்மவித்யா: பிரைமோர்டியல் ஐ’ (2005), ‘எய்ட் மகாவித்யாஸ்’ (2022) ஆகியவை இவர்களின் தொகுப்புகளில் சில.

ருத்ராவின் சாதனை, மந்திரத்தை அலங்காரமாகப் பயன்படுத்தாமல் பாடலின் கருத்தாகவே எடுத்துக்கொண்டது. மேலை மெட்டல் மதத்தை எதிர்க்கும் இடத்தில் இவர்கள் ‘நான்’ என்னும் அகந்தையை எதிரியாக வைத்தனர். போர்க்களம் மனத்துக்குள் மாறியது. இது இந்த இசைக்கு உண்மையிலேயே புதிய பொருள். அதேசமயம் 2001இல் வந்த தொகுப்புக்கு ‘தி ஆரியன் குருசேட்’ என்று பெயரிட்டது பெரிய சறுக்கல். ‘ஆரிய’ என்பதற்குச் சமஸ்கிருதத்தில் மேன்மையானவர் என்ற பொருள் இருக்கலாம். ஆனால் ஐரோப்பிய ரசிகருக்கு அது நாஜிகளையும் தமிழ் வாசகருக்கு ஒரு நூற்றாண்டு அரசியலையும் நினைவூட்டும் சொல். சொல்லின் அகராதிப் பொருளை நம்பி அதன் வரலாற்றைக் கணக்கில் எடுக்காத தலைப்பு அது.

மொழித் தேர்வு

செஞ்சி வட்டாரத்திலேயே இதற்கு ஒரு பழைய இணை இருக்கிறது. மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் குடைவித்த கோயில், தமிழ்நாட்டின் மிகப் பழைய குடைவரைகளில் ஒன்று. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய எதுவுமின்றிப் பிரமன், ஈசுவரன், திருமாலுக்கு விசித்திரசித்தன் இதை அமைத்தான் என்று அங்குள்ள கல்வெட்டு பெருமிதத்துடன் கூறுகிறது. அதன் மொழி சமஸ்கிருதம், எழுத்து கிரந்தம். சுற்றிலும் உள்ள ஊர்களிலோ கூத்தும் பம்பைப் பாட்டும் தமிழில் ஒலிக்கின்றன. நிலைத்திருக்க வேண்டியதைச் சமஸ்கிருதத்தில் பொறிப்பதும், ஆவேசத்தைத் தமிழுக்கு விடுவதும் பழகிப்போன பிரிவினை. குருக்ஷேத்திரத்தைப் பாடவந்த ருத்ராவும் கூத்தின் தமிழ்க் குருக்ஷேத்திரத்தை விட்டுக் கீதையின் மொழியையே நாடியது.

இதில் சாதிக்கும் பங்கு உண்டு. பறையும் பம்பையும் உரத்தவை என்பதாலும், அவற்றை வாசித்தோர் ஒடுக்கப்பட்டோர் என்பதாலும் சபை மேடைக்கு வெளியே நிறுத்தப்பட்டன. மெட்டல் நிகழ்ச்சிக்காகப் பெங்களூர் வரை போகும் ரசிகர், தம் தெருவில் கேட்கும் பம்பையை இரைச்சல் என்று சொல்லக்கூடும். ஒலியளவு இரண்டிலும் ஒன்றே. மாறுவது வாசிப்பவரின் சமூக நிலை. இயக்குநர் பா. இரஞ்சித்தின் முன்முயற்சியில், இசையமைப்பாளர் தென்மாவுடன் உருவான ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, கானாவையும் பறையையும் மின்கிதாரோடு ஒரே மேடையில் நிறுத்தியது. அது மெட்டல் குழு அல்ல. எனினும் இந்தச் சேர்க்கை தமிழில் இயல்பாகவே ஒலிக்கும் என்பதைக் காட்டியது.

மதிப்பீடு

ஹெவி மெட்டல் தமிழர்க்கு அந்நியமான உணர்ச்சி எதையும் கொண்டுவரவில்லை. அது கொண்டுவந்தது மின்சாரத்தின் வலிமையையும், ஊர்க் கட்டுப்பாட்டுக்கு வெளியே தனியாள் சினம்கொள்ளும் உரிமையையும். பக்திக்கும் நேர்த்திக்கடனுக்கும் உட்பட்டே ஆவேசத்தை அனுமதித்த சமூகத்தில் இரண்டாவது சிறிய விஷயம் அல்ல. ருத்ரா அந்த இசைக்குத் தத்துவ ஆழம் தந்தது. பரணியின் பேய்க்களமும் அங்காளம்மனின் மயானமும், இரட்டிக்கும் வல்லினங்களால் முரசடிக்கு இசைவான தமிழ் ஓசையும் பெரும்பாலும் இன்னும் தொடப்படாமல் இருக்கின்றன. பம்பைக் கலைஞரை ஆசிரியராக ஏற்கும் மெட்டல் குழு ஒன்று தோன்றும்போதுதான் ‘தமிழ் மெட்டல்’ என்ற பெயர் முழுப்பொருள் பெறும்.