யாருக்காக இந்தப் பல்லாங்குழி?

பல்லாங்குழியும் தாயமும் பரமபதமும் சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டு நகர வீடுகளுக்குள் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. மடக்கி வைக்கும் மரப்பலகையாகவும், துணியில் அச்சிட்ட கட்டமாகவும், கொலுவுக்கும் பிறந்தநாளுக்கும் கொடுக்கிற பரிசாகவும் வருகின்றன. பள்ளிகள் பாரம்பரிய விளையாட்டு விழா நடத்திப் பம்பரத்துக்கும் பச்சைக்குதிரைக்கும் சான்றிதழ் தருகின்றன. வாங்குகிறவர்களும் நடத்துகிறவர்களும் பெரியவர்கள். பொறுமை வரும், கணக்கு வரும், தோல்வியைத் தாங்கும் மனம் வரும், நம் குடும்பத்து வழக்கம் தொடரும் என்பவை அவர்கள் சொல்லும் காரணங்கள். இந்த வழக்கத்தில் உண்மையான நன்மை இருக்கிறது. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பெரியவர்களின் ஏக்கம் தவறாகக் கணிக்கிறது. பலகையைப் பத்திரமாகப் பிள்ளையிடம் சேர்க்கிறது; பலகையைச் சுற்றியிருந்த ஓய்வையும் உரிமையையும் விட்டுவிடுகிறது.

கடந்தகால ஏக்கத்தை முதலில் நோயாகத்தான் எழுதிவைத்தார்கள். 1688இல் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், வெளிநாட்டில் கூலிப்படையாக இருந்த சுவிஸ் வீரர்கள் போன்றோரின் ஊர் நினைவை உடலைக் கெடுக்கும் பிணி என்றார். இன்றைய உளவியல் அந்தக் கருத்தைக் கைவிட்டுவிட்டது. 2006இல் வைல்ட்ஷட், செடிகிடிஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வுகளில், ஏக்கத்தோடு சொல்லப்படும் நினைவுகளில் பெரும்பாலும் சொல்பவரே மையமாக இருந்தார். அவரைச் சுற்றி நெருங்கிய மனிதர்கள் இருந்தார்கள். தனிமையும் மனச்சோர்வும் அந்த நினைவுகளைக் கிளப்பிவிட்டன. தனிமை ஏக்கத்தைத் தூண்ட, அந்த ஏக்கமே நமக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வைத் திருப்பித் தருகிறது என்பது 2008இல் சீனாவில் நடந்த ஆய்வுகளின் முடிவு. ஆகவே தாயக்கட்டையைக் கையில் எடுக்கும் தாத்தாவுக்குக் கிடைப்பது வெறும் மயக்கம் அல்ல, பிடிமானம். கேட்க வேண்டியது ஒன்றுதான்: தாத்தாவுக்குக் கிடைப்பது பேத்திக்கும் கிடைக்கிறதா? நினைவு அவருடையது. அவளுக்கு அது அன்று மாலை நடக்கும் ஓர் ஆட்டம், அவ்வளவுதான்.

அந்த ஆட்டம் நன்றாக அமைவதற்குத் தாயத்தின் கட்டமைப்பே ஒரு காரணம். பித்தளைக் கட்டை இரண்டிலும் நான்கு முகங்கள். ஒன்று வெற்று, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். தாயம், அதாவது மொத்தம் ஒன்று, விழ வாய்ப்பு அதில் இரண்டு, அதாவது எட்டில் ஒன்று. மறு ஆட்டம் தரும் தாயம், ஐந்து, ஆறு, இரண்டு கட்டையும் வெற்றாக விழும் பன்னிரண்டு எல்லாம் சேர்ந்தால் பதினாறில் ஆறு. எந்தக் காயை நகர்த்துவது, வெட்டுவதா, வெட்டுப்படாத மலைக் கட்டத்தில் ஏறிப் பதுங்குவதா என்று யோசிக்க இடம் உண்டு. ஆனாலும் கட்டை விழுவதுதான் பெரும்பாலும் முடிவை நிர்ணயிக்கிறது. அதனால் ஆறு வயதுப் பிள்ளை அறுபது வயதுக்காரரின் காயை நியாயமாகவே வெட்டி அனுப்ப முடிகிறது. அவர் விட்டுக்கொடுத்து நடிக்க வேண்டியதில்லை. சதுரங்கத்தில் இது நடக்காது. வயதும் அதிகாரமும் கட்டத்துக்கு வெளியே நின்றுவிடும் அந்த அரைமணி நேரம் கூட்டுக் குடும்பத்திலும் அரிது, இன்றைய மூவர் குடும்பத்தில் இன்னும் அரிது. பழைய ஆட்டங்களுக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க மிக வலுவான வாதம் இதுதான் என்று நினைக்கிறேன். விற்பனை அட்டைகளில் அச்சாகும் பலன்களின் வரிசையில் இது இடம்பெறுவதில்லை.

அந்தப் பலன்களுக்குச் சான்று குறைவு. ஓர் ஆட்டத்தில் பெறும் திறன் பாடத்துக்குத் தாவிவிடும் என்ற நம்பிக்கையைச் சதுரங்கத்தை வைத்துப் பெரிய அளவில் சோதித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் நூறு தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2016இல் வந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது சதுரங்கம் கற்ற பிள்ளைகள் கணக்கில் மேம்பட்டிருக்கவில்லை. எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் கீதா ரமணியும் ராபர்ட் ஸீக்லரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், எண்கள் வரிசையாக எழுதிய கட்டத்தில் விளையாடிய ஏழைக் குடும்பத்துச் சிறுபிள்ளைகளுக்கு எண்ணறிவு கூடியது. பரமபதத்துக்கு அதில் ஓரளவு ஆறுதல் இருக்கலாம். ஆனால் அங்கே வேலை செய்தது எண் வரிசை. ஆட்டத்தின் பழமை அல்ல.

தெரு விளையாட்டுகளின் கதை வேறு. கிட்டிப்புள், கோலி, ஏழுகல் போன்றவற்றை எந்தப் பெரியவரும் கற்றுக்கொடுக்கவில்லை. மூத்த பிள்ளைகளிடமிருந்து இளையவர்களுக்கு வந்தன. விதிகளைப் பிள்ளைகளே பேசி, சண்டை போட்டு, மாற்றிக்கொண்டார்கள். இங்கிலாந்தில் அயோனா, பீட்டர் ஓபி தம்பதி 1959, 1969 ஆண்டுகளில் வெளியிட்ட நூல்களில், பெரியவர்கள் செத்துவிட்டதாக நம்பிய ஆட்டங்கள் பள்ளி மைதானங்களில் உயிரோடு இருப்பதைப் பதிவுசெய்தார்கள். பெரியவர் கண்ணில் படாததே அவற்றின் பலம். இன்று விழா மேடையில் ஆசிரியர் விசில் ஊத, பெற்றோர் கைபேசியில் படமெடுக்க, வரிசையில் நின்று ஆடும் பம்பரத்தில் அந்தப் பலம் போய்விடுகிறது. இன்னொன்றையும் ஏக்கம் மறக்கிறது. கோலி விளையாடுகிறவன் உருப்படமாட்டான் என்று அன்றைய பெரியவர்கள் திட்டினார்கள். இன்று ஒழுக்கம் கற்பிப்பதாகக் கொண்டாடப்படும் அதே ஆட்டம் அன்று ஒழுக்கக்கேட்டின் அடையாளம். தெரு எல்லோருடையதாகவும் இருக்கவில்லை. எந்தத் தெருப் பிள்ளையோடு சேரலாம் என்பதைப் பல ஊர்களில் சாதி முடிவு செய்தது. வயதுக்கு வந்த பெண்ணுக்குத் தெரு மூடப்பட்டது. அவள் கைக்கு வந்தது வீட்டுக்குள் பல்லாங்குழி. சோழியின் அழகைப் பேசுகிறவர்கள் அந்த அடைப்பையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ஆட்டத்தில் உட்காரும்போது குடும்பக் குணத்தைத் தேடுவதும் இந்த வழக்கத்தோடு ஒட்டிவருகிறது. தோற்றால் முகம் சுருங்கும் பிள்ளையைப் பார்த்து, அப்படியே பெரியப்பா என்கிறோம். அழுகுணி ஆட்டம் ஆடினால் அது அம்மா வீட்டுப் புத்தி. தாயம் விழுந்தால் பாட்டியின் கைராசி, அந்த வாய்ப்பு எந்தக் கைக்கும் எட்டில் ஒன்றுதான் என்றாலும். மரபின் பங்கை மறுக்க முடியாது. ஐம்பது ஆண்டுகால இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வந்த மதிப்பீடு, மனிதர்களுக்கிடையே உள்ள பண்பு வேறுபாடுகளில் சராசரியாக ஏறக்குறைய பாதியை மரபுக்கு உரியதாக்குகிறது. ஆனால் அது மக்கள்தொகையைப் பற்றிய கணக்கு. ஏழு வயதுப் பிள்ளையின் ஒரு மாலைக் கோபத்துக்குத் தீர்ப்பு அல்ல. பெயர் சூட்டியபின் அந்தக் குணத்துக்குப் பொருந்துவதை மட்டுமே குடும்பம் கவனிக்கத் தொடங்குகிறது. தோற்றுப் பழகத்தான் ஆட்டம் என்றால், தோற்ற கணத்தையே பிள்ளையின் சுபாவம் என்று முத்திரை குத்துவது அந்த நோக்கத்தையே அழிக்கிறது. எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபிவுஷும் கண்டது இதற்கு மாற்றுவழி காட்டுகிறது. குடும்பக் கதைகளை அதிகம் அறிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பு கூடுதலாக இருந்தது. கதையால்தான் அது வந்தது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பேச நேரமுள்ள குடும்பம் வேறு விதங்களிலும் நல்ல குடும்பமாக இருக்கலாம். இருந்தாலும் பெரியப்பா தோற்றுக் கட்டத்தைக் கலைத்த கதையைச் சொல்வதற்கும், நீ பெரியப்பாதான் என்று சொல்வதற்கும் இடையே பிள்ளைக்கு மிகப் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

கைபேசியிலிருந்து பிள்ளையை எழுப்பும் எதுவும் நல்லதுதானே என்று கேட்கலாம். எழுப்பினால் நல்லதுதான். ஆனால் டிவியோடு இணைத்த கருவியில் கேசட் செருகி அண்ணன் தம்பி மாறி மாறி மாரியோ ஆடிய தொண்ணூறுகளின் பிள்ளைகள் இன்று அதே ஏக்கத்தோடு அந்த வீடியோ கேமை நினைக்கிறார்கள். மரத்தட்டும் சோழியும் இல்லாமலே நினைவு இனிக்கிறது என்றால், இனிப்பு பக்கத்தில் இருந்த ஆளிடமிருந்து வந்தது. நாம் கைமாற்றாவிட்டால் இந்த ஆட்டங்கள் அழிந்துவிடும் என்ற கவலைக்குக் கூடுதல் மரியாதை தர வேண்டும். விதிகளை எழுதிவைப்பது, வட்டார வேறுபாடுகளைச் சேகரிப்பது எல்லாம் தேவையான வேலைகள். ஆனால் பிள்ளைகளிடம் விடும்போது மாற்றவும் விட வேண்டும். பன்னிரண்டுக்கு மூன்று முறை உருட்டலாம் என்று பேரன் புது விதி போட்டால், பாரம்பரியம் கெட்டது என்று திருத்துகிறவர் ஆட்டத்தின் உயிரை நிறுத்துகிறார். தெரு விளையாட்டு வேண்டும் என்று உண்மையாகவே விரும்பும் பெற்றோர், மாலை நேர டியூஷனில் ஒன்றையாவது குறைக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கக் கூட்டத்தில், வளாகத்துக்குள் பந்து விளையாடக் கூடாது என்ற அறிவிப்பை அகற்றச் சொல்லிக் கை உயர்த்த வேண்டும்.