விருந்தாளி நாற்காலி

சிகாகோவின் பழைய சினிமா விமர்சன நிகழ்ச்சியை யார் யாரோ வீடியோ டேப்பில் பதிந்து வைத்திருந்து, இப்போது இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு மாதமாக ராத்திரி ராத்திரியாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜீன் சிஸ்கெல், ராஜர் ஈபர்ட். ஒருவர் ஒல்லி, ஒருவர் பருமன். படத்துண்டு ஓடும், சண்டை நடக்கும், கட்டைவிரல் மேலே போகும் அல்லது கீழே போகும்.

விமர்சனத்தைச் சரக்காக்கிய சைகை அது என்று நானே பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அதை வாபஸ் வாங்கப் போவதில்லை. 1986இலிருந்து நிகழ்ச்சியை விநியோகித்தது டிஸ்னியின் நிறுவனம். படம் எடுக்கிறவனே படத்தைத் தீர்ப்பிடும் மேடைக்கும் சொந்தக்காரன். கட்டைவிரலுக்கு வணிகமுத்திரைப் பதிவு வேறு.

ஆனாலும் அந்தச் சண்டை நிஜமானது. எப்படி என்று யோசித்துப் பார்த்தால், 1975இல் பொதுத் தொலைக்காட்சியான டபிள்யூடிடிடபிள்யூவில் உட்கார்ந்தபோது சிஸ்கெல் ‘சிகாகோ ட்ரிப்யூன்’காரர், ஈபர்ட் ‘சன்-டைம்ஸ்’காரர். ஒரே ஊரின் வாசகர்களுக்காக மோதிக்கொண்ட இரண்டு பத்திரிகைகள். ஒருவர் சோற்றில் மற்றவர் கை இல்லை. அதனால்தான் ‘நீ சொல்றது தப்புய்யா’ என்று முகத்துக்கு நேரே சொல்ல முடிந்தது. இதை இரண்டு மனிதர்களின் துணிச்சலாக மட்டும் வாசிப்பது போதாது. அந்தத் துணிச்சலுக்கு ஒரு பொருளாதார அடித்தளம் இருந்தது.

சிஸ்கெல் 1999 பிப்ரவரியில், 53 வயதில் இறந்துபோனார். காலியான நாற்காலிக்கு வாராவாரம் விருந்தினர் வந்தார்கள். கென்னத் டுரான், எல்விஸ் மிச்செல், லிசா ஷ்வார்ஸ்பாம், இயக்குநர் பீட்டர் போக்டனோவிச். நல்ல மூளைகள். 1980இல் இதே ஈபர்ட்டும் சிஸ்கெலும் பெண்களை வெட்டிச் சாய்க்கும் படங்களைக் கண்டித்து ஒரு முழு நிகழ்ச்சி செய்தார்கள். கேமரா கொலைகாரனின் கண்ணாக மாறுவதைக் காட்டிப் பேசிய, இன்றும் மதிக்கத்தக்க நிகழ்ச்சி. ஆனால் பெண்களுக்காகப் பேசிய இரண்டு நாற்காலியிலும் ஆண்கள்தான். இப்போது, 1999இல், அங்கே ஒரு பெண் உட்காருகிறார், ஒரு கறுப்பின விமர்சகர் உட்காருகிறார். கதவு திறந்துவிட்டது என்று எனக்கும் சந்தோஷம்தான்.

பார்க்கப் பார்க்க ஏதோ உறுத்தியது. நான் பார்த்த பகுதிகளில் கருத்து வேறுபாடு இல்லாமலில்லை. ஆனால் அது ஒரு புன்னகையோடு வருகிறது, ‘இருந்தாலும்’ என்று இழுக்கிறது. விருந்துக்கு வந்தவன் குழம்பில் உப்பில்லை என்று சொல்வானா? அதோடு அந்த நாற்காலி விருந்தாளி நாற்காலி மட்டுமல்ல, நேர்முகத் தேர்வு நாற்காலியும்கூட. எதிரே இருப்பவர் சக விமர்சகரல்ல, நிகழ்ச்சியின் முகம்.

வேலைக்கு மனுப் போடாத விருந்தாளி ஒருவர் வந்தார். 2000 பிப்ரவரியில், தொண்ணூறுகளின் சிறந்த படங்களைச் சொல்ல வந்த மார்ட்டின் ஸ்கோர்செஸி. அவர் முதலிடம் கொடுத்தது தியான் சுவாங்சுவாங் திபெத்தில் எடுத்த ‘குதிரைத் திருடன்’ படத்துக்கு. 1986இல் எடுத்த படத்தைத் தொண்ணூறுகளின் கணக்கில் சேர்க்கிற தைரியம்! அமெரிக்காவுக்கு அது பிந்தித்தான் வந்ததாம். மூன்றாமிடம் தைவானின் வு நியென்-ஜென்னுக்கு. ஈபர்ட்டின் முதலிடம் ‘ஹூப் ட்ரீம்ஸ்’, சிகாகோவின் இரண்டு கறுப்பினச் சிறுவர்களைப் பற்றிய ஆவணப்படம். நல்ல தேர்வு, மறுக்கவில்லை. அவருடைய மூன்றாமிடமோ ‘குட்ஃபெல்லாஸ்’. அதாவது எதிரே உட்கார்ந்திருக்கிற விருந்தாளியின் சொந்தப் படம். உபசரிப்புக்கும் விமர்சனத்துக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்று இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன், பிடிபடவில்லை.

2000இலேயே நிரந்தர இடம் யாருக்கு என்று தெரிந்துவிட்டது. ரிச்சர்ட் ரோப்பர், ‘சன்-டைம்ஸ்’ பத்தி எழுத்தாளர். ஈபர்ட்டின் சொந்தப் பத்திரிகை! எதிரிப் பத்திரிகைக்காரன் இருந்த இடத்தில் பக்கத்து மேசைக்காரர். ரோப்பரின் திறமை பற்றி எனக்கு வழக்கில்லை. அமைப்பு மாறிவிட்டது, அவ்வளவுதான்.

2006இல் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஈபர்ட்டின் இடமே காலியானது. மறுபடி விருந்தினர்கள். ஏ.ஓ. ஸ்காட், மைக்கேல் பிலிப்ஸ், கிம் மார்கன் போன்ற விமர்சகர்களோடு ஜே லெனோவும். நட்சத்திரங்கள் புதுப்படத்துக்கு விளம்பரம் தேடி இவர் நிகழ்ச்சிக்குத்தான் போவார்கள். அவரா அந்தப் படங்களைக் கிழிக்கப் போகிறார்? 2007இல் ஒப்பந்த இழுபறியில் கட்டைவிரலும் காணாமல்போனது. 2009இல் ஸ்காட்டும் பிலிப்ஸும் விருந்தாளி நிலையிலிருந்து வீட்டுக்காரர் ஆனார்கள். நியூயார்க் பத்திரிகை ஒன்று, சிகாகோ பத்திரிகை ஒன்று. குரல்களில் மறுபடி கொஞ்சம் காரம் ஏறுவது காதில் விழுகிறது. 2010 ஆகஸ்டில் கடையைச் சாத்திவிட்டார்கள்.

2011இல் ஈபர்ட், தன் குரலை இழந்த பிறகு, தன் பெயரிலேயே பொதுத் தொலைக்காட்சிக்குத் திரும்பி மறுபடி ஆரம்பித்தார். இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் கிறிஸ்டி லெமைர் என்ற பெண், இந்தத் தடவை விருந்தாளியாக அல்ல. அது ஒரு வருஷம்தான் ஓடியது.