இன்பமும் இசைவும்: '1776' திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

கலையின்பம் பற்றிப் பேசுவதில் முற்போக்கு விமர்சகர் ஒருவகைக் கூச்சம் காட்டியே வந்துள்ளனர். ஒரு படைப்பின் வர்க்கச் சார்பை இனங்கண்டதும் பணி முடிந்துவிட்டதாகக் கருதி, அது ஏன் மக்களை ஈர்க்கிறது என்ற வினாவை நயம் பாராட்டுவோருக்கு விட்டுவிடுவது வழக்கமாயிற்று. ஆயின், அரங்கின் முதற்பணி மகிழ்வித்தலே என்று 1948இல் எழுதிய அரங்கியற் கட்டுரையில் வற்புறுத்தியவர் பேர்டோல்ட் பிறெக்ட் என்னும் மார்க்சியரே என்பது மனங்கொள்ளத்தக்கது. இன்பத்தை மறுப்பது விமர்சனமாகாது. அவ்வின்பம் எவற்றால் ஆக்கப்பட்டது, எம்மை எதற்கு இசையச் செய்கிறது என்று ஆராய்வதே விமர்சனமாகும். இத்தகைய ஆராய்வுக்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாக, ஐக்கிய அமெரிக்காவின் தோற்றத்தைப் பொருளாகக் கொண்ட '1776' என்னும் இசைத் திரைப்படத்தை இங்கு நோக்குவோம்.

முன்னர் வரலாற்றாசிரியராகப் பாடசாலையிற் கற்பித்த ஷேர்மன் எட்வேட்ஸ் இசையும் பாடல்களும் அமைக்க, பீற்றர் ஸ்ரோன் உரையாடல் எழுத, 1969 மார்ச்சில் நியூ யோர்க்கின் பிரோட்வே அரங்கில் மேடையேறிய இசைநாடகம் இது. 1217 தடவைகள் நிகழ்த்தப்பட்ட இந்நாடகத்தை, மேடையில் அதனை நெறிப்படுத்திய பீற்றர் ஹன்ற் என்பவரே திரைக்கும் நெறிப்படுத்தினார். ஜக் வோர்னர் தயாரித்த படம் 1972இல் வெளிவந்தது. பதின்மூன்று குடியேற்ற நாடுகளின் பேராளர்கள் 1776ஆம் ஆண்டுக் கோடையில் பிலடெல்பியா நகரிற் கூடி, பிரித்தானிய முடியிலிருந்து பிரிவதா இல்லையா என வாதிட்டமையே கதை. வியட்னாம் போரினால் அமெரிக்கச் சமூகம் பிளவுண்டிருந்த வேளையில் அந்நாட்டின் தோற்றுவாய் பற்றிய வினா மேடைக்கும் திரைக்கும் வந்தது தற்செயலன்று.

இப்படம் எமக்கு இன்பமளிக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வோம். அவ்வின்பத்தின் முதல் ஊற்று, தேசபிதாக்களைப் பீடத்திலிருந்து இறக்கிவிடும் அதன் நகைச்சுவையாகும். ஜோன் அடம்ஸ் சுதந்திரம் பற்றிப் பேச எழும்போது அவையோர் அவரை அமரச் சொல்லிப் பாடுகின்றனர். வெப்பம் தாங்காது சாளரத்தைத் திறக்கச் சொல்வோரும் ஈக்களுக்கு அஞ்சி மூடச் சொல்வோரும் அப்பாடலிலேயே மோதுகின்றனர். பிரகடனத்தை எழுதவேண்டிய தோமஸ் ஜெபர்சன் மனைவியைப் பிரிந்த ஏக்கத்தில் எழுத மறுக்கிறார். வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பை ஆக்குமாறு அடம்ஸ் தம் மனைவி அபிகேலுக்கு எழுத, பெண்களுக்கு முதலிற் குண்டூசி அனுப்புமாறு அவர் பதிலிறுக்கிறார். புரட்சிக்கு இலட்சியம் மட்டுமன்றிப் பண்டமும் உழைப்பும் வேண்டும் என்பதை இச்சிறு பேரம் எத்தனை எளிதாக உணர்த்திவிடுகிறது! வரலாறு மானிடரால், அதுவும் வியர்த்து வழியும் மானிடரால் ஆக்கப்படுகிறது என்ற உணர்வே இங்கு நாம் துய்ப்பது. இது பொருள்முதல்வாதிகளுக்கு அந்நியமான இன்பமன்று.

இன்பத்தின் இரண்டாம் ஊற்று பாடல்கள் இடம்பெறும் முறையாகும். முப்பது நிமிடத்துக்கும் மேலாக ஒரு பாடலுமின்றி அவை விவாதம் மட்டுமே நடைபெறும் பகுதியொன்று இதிலுண்டு. இசைநாடக மரபில் இது துணிகரமானது. பிறிதொரு கட்டத்தில், கனவான்கள் கலைந்து சென்றபின், போர்க்களத்திலிருந்து கடிதம் கொணர்ந்த இளம் தூதுவன் பாடுகிறான். இறந்துகொண்டிருக்கும் சிறுவனொருவன் தாயைத் தேடும் அப்பாடலைக் கேட்போர் அவையின் ஏவலாளர்களே. சட்டம் இயற்றுவோர் ஓரிடத்திலும் அதற்காக மாள்வோர் பிறிதோரிடத்திலும் நிற்பதைப் படம் ஒரு வார்த்தை விளக்கமுமின்றிக் காட்டிவிடுகிறது.

அடுத்து நாம் கருதவேண்டியது, நீக்கப்பட்டதொரு பாடல் பற்றியது. ஜோன் டிக்கின்சன் தலைமையிலான உடைமையாளர்கள் மேட்டுக்குடி நடனமொன்றை ஆடியவாறு தம் பழைமைபேணலைத் தாமே புகழ்ந்து பாடும் காட்சி நாடகத்தில் உண்டு. உடைமையற்றோர் ஏன் உடைமையாளரைப் பின்பற்றுகின்றனர் என்ற வினாவுக்கு, தாமும் ஒருநாள் செல்வராகலாம் என்ற அவர்தம் நம்பிக்கையே விடை என்பதை அக்காட்சி புலப்படுத்துகிறது. 1970 பெப்ரவரியில் வெள்ளை மாளிகையில் இந்நாடகம் நிகழ்த்தப்பட்டது. படம் வெளிவருமுன், ஜனாதிபதி றிச்சட் நிக்சன் கேட்டுக்கொண்டதன்பேரில் வோர்னர் இக்காட்சியை வெட்டினார். 2002இல் வெளியான இறுவட்டில் அது உரிய இடத்தில் இடம்பெற்றது. படத்திற் பெஞ்சமின் பிராங்ளினாகத் தோன்றும் ஹவார்ட் டா சில்வா, அமெரிக்க விரோதச் செயல்கள் பற்றிய விசாரணைக் குழுவின் வினாக்களுக்கு 1951இல் விடையளிக்க மறுத்துப் பல ஆண்டுகள் திரையுலகிலிருந்து ஒதுக்கப்பட்டவர். நிக்சனோ அதற்குமுன் அதே குழுவில் உறுப்பினராயிருந்தவர். பாடலொன்று வெட்டப்பட்டதனால் நேர்ந்தது இசையிழப்பு மட்டுமன்று. சுதந்திரத்தை எதிர்த்தோரின் சொத்து நலன் மறைந்து, அவர்தம் எதிர்ப்பு வெறும் மனப்பாங்காகத் தோன்றலாயிற்று.

இனி, மையப் பிரச்சினைக்கு வருவோம். ஜெபர்சனின் வரைவில் அடிமை வாணிகத்தைக் கண்டிக்கும் பந்தியொன்று இருந்தது. அதனை எதிர்க்கும் தென் கரோலைனாவின் எட்வேர்ட் றட்லெட்ஜ், படத்தின் மிகச் சிறந்த பாடலைப் பாடுகிறார். கரும்புப்பாகு றம் மதுவாகவும், மது அடிமைகளாகவும், அடிமைகள் மீண்டும் கரும்புப்பாகாகவும் மாறும் முக்கோண வாணிகத்தில் பொஸ்ரன் நகரக் கப்பல்களுக்கும் பங்குண்டென அவர் வடபுலத்தாரின் முகத்திரையைக் கிழிக்கிறார். ஏலக்காரனின் குரலை அவர் எழுப்பும்போது அவையிலுள்ளோர் மட்டுமன்றி, அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நாமும் உறைந்துபோகிறோம். பிறெக்ட் விரும்பியவாறு இன்பமும் அறிவும் இங்கு ஒன்றாகின்றன. அடிமைமுறை சில கொடியவரின் குற்றமன்று, ஓர் உற்பத்தி அமைப்பின் அச்சாணி என்பதை இப்பாடல் கூறிவிடுகிறது.

ஆயின், பாடல் அறிந்ததைக் கதை மறந்துவிடுகிறது. படத்தின்படி, தீர்மானம் ஒருமனதாகவே நிறைவேறவேண்டும். றட்லெட்ஜ் வெளிநடப்புச் செய்கிறார். பந்தி நீக்கப்பட்டாலன்றித் தேசம் பிறவாது. எதிர்காலம் தம்மை மன்னியாதென அடம்ஸ் கலங்க, முதலில் நாடு கிடைக்கட்டும் என பிராங்ளின் தேற்றுகிறார். சுவரிலுள்ள வாக்குப் பலகையில் ஒவ்வொரு குடியேற்ற நாடாக 'ஆம்' என்ற பக்கத்துக்கு நகர, எமது நெஞ்சும் விரைந்து துடிக்கிறது. இத்தருணத்தில் நாம் விரும்புவது யாது? அப்பந்தி எப்படியாவது நீங்கிவிடவேண்டும் என்பதையே! அடிமைகளைக் கைவிடும் உடன்பாட்டுக்கு எமது ஆவலும் ஒரு வாக்கு அளித்துவிடுகிறது.

வரலாறு இவ்வாறு நிகழவில்லை. ஒருமனதாக வேண்டுமென்ற முறையான விதி பேரவையில் இருந்ததில்லை. அது நாடகாசிரியர் தந்தது. 1776 ஜூலை 1இல் ஒன்பது குடியேற்ற நாடுகள் ஆதரிக்க, தென் கரோலைனா எதிர்த்து வாக்களித்தது. மறுநாள் ஒற்றுமை கருதி அது மனம் மாற, நியூ யோர்க் தவிர்ந்த பன்னிரண்டின் ஆதரவுடன் சுதந்திரத் தீர்மானம் நிறைவேறியது. அதன் பின்னரே, ஜூலை 2 முதல் 4 வரை, பிரகடனத்தின் வாசகம் திருத்தப்பட்டது. அடிமை வாணிகம் பற்றிய பந்தியும் அப்போதே நீக்கப்பட்டது. அஃதாவது, அப்பந்தி சுதந்திர வாக்குக்குச் செலுத்திய விலையன்று. தென் கரோலைனா, ஜோர்ஜியா ஆகியவற்றின் விருப்பத்தோடு, அவ்வாணிகத்தில் ஈடுபட்ட வடபுலத்தாரின் கூச்சமும் நீக்கத்துக்குக் காரணமென ஜெபர்சனே தமது குறிப்புகளில் எழுதியுள்ளார். நிகழ்ச்சிகளின் முன்பின்னை மாற்றியதன்மூலம், பொது நலனிற் கூடிய உடைமையாளரின் இணக்கத்தைப் படம் தவிர்க்கவியலாத துன்பியலாக ஆக்கிவிட்டது. தவிர்க்கவியலாதது என்று தோன்றச் செய்வதே கருத்துநிலையின் தலையாய வேலை என்பதை இங்கு விளக்கவேண்டியதில்லை.

படத்து ஜெபர்சன் தம் அடிமைகளை விடுவிக்கத் தீர்மானித்துவிட்டதாகக் கூறுவதும் இத்தகையதே. மெய்யான ஜெபர்சன் தமது வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தவர். உயிருடனிருந்தபோது இருவரையும் இறப்புச் சாசனத்தின் வாயிலாக ஐவரையும் மாத்திரமே விடுவித்தவர். அவர் இறந்தபின், 1827 ஜனவரியில், அவரது தோட்டத்தைச் சேர்ந்த 130 பேர் ஏலத்திற்கு விடப்பட்டனர். றட்லெட்ஜின் பாடலில் ஒலித்த ஏலக்குரல் ஜெபர்சனின் வீட்டு முற்றத்திலும் ஒலித்தது.

இவ்வாறு கூறுவதால் அமெரிக்கப் புரட்சியை நாம் சிறுமைப்படுத்துவதாகக் கொள்ளலாகாது. அப்போர் ஐரோப்பிய மத்தியதர வர்க்கத்துக்கு எழுச்சி மணியாயிற்று என மார்க்ஸ் 1867இல் 'மூலதனம்' நூலின் முன்னுரையிற் கருதினார். லெனினும் 1918இல் அமெரிக்கத் தொழிலாளருக்கு எழுதிய மடலில் அதனை உண்மையான விடுதலைப் போர்களுள் ஒன்றாக மதித்தார். அதன் முற்போக்குப் பாத்திரமும் வர்க்க எல்லையும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்களாகும். படம் தரும் இன்பமும் அத்தகையதே. முடியாட்சியை மறுக்கத் துணிந்த மானிடரைக் கண்டு மகிழ்வதில் நாணவேண்டியது எதுவுமில்லை.

படத்தின் இறுதியிற் பாடல் இல்லை. பெயர்கள் ஒவ்வொன்றாக அழைக்கப்பட, கையொப்பங்கள் இடப்பட, மணி மட்டும் இடைவிடாது ஒலிக்கிறது. அவையோர் பழைய சித்திரமொன்றிற்போல் அசைவற்றுப் போகின்றனர். வெற்றிப் பாட்டுடன் முடிக்காமை ஆக்கியோரின் கலை நேர்மைக்குச் சான்று. அன்று அக்குடியேற்ற நாடுகளில் வாழ்ந்தோரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் அடிமை. அவர்களுள் ஒருவரது பெயரும் அப்பட்டியலில் அழைக்கப்படவில்லை. படத்தை இன்னொரு முறை பார்க்கவே நாம் விரும்புகிறோம். ஆனால், வாக்குப் பலகை நகரத் தொடங்கும்போது எமது நெஞ்சு யாருக்காகத் துடிக்கிறது என்பதையும் கவனித்தவாறே பார்க்கவேண்டும்.