பேலட் கட்டையில் எழுந்த கோழிக்கூண்டு

வீட்டுக்குப் பின்னால் பத்தடி இடம் வைத்திருக்கிற யாரைப் பார்த்தாலும் கையைப் பிடித்து இழுத்துப் போய் என் கோழிக்கூண்டைக் காட்டத் தோன்றுகிறது. அவ்வளவு ஆசை எனக்கு அதன்மேல்! கடையில் விற்கிற கம்பிக் கூண்டு இல்லை இது. ஒவ்வொரு ஆணியும் நானே அடித்தது. ஆம்பூரில் இருந்துகொண்டு கூண்டைக் காசு கொடுத்து வாங்குவானேன்? இந்த ஊரில் கிடைக்கிற கட்டை வேறு எந்த ஊரில் கிடைக்கும்?

ஷூ கம்பெனிக்கு மெஷின் வரும், சோல் வரும், கெமிக்கல் வரும். எல்லாம் பேலட் மேல் ஏறித்தான் வருகின்றன. இறக்கி முடித்ததும் அந்தக் கட்டைகள் பழைய மரக்கடைகளில் வந்து குவியும். எடை குறைவு, ஆணி சுலபமாக இறங்கும், இழைத்துவிட்டால் தடவிக்கொண்டே இருக்கலாம். மெஷின் இறங்கிய பேலட்டாகப் பார்த்துப் பொறுக்குவேன். கெமிக்கல் ஏறி வந்த கட்டையில் கறையும் வாடையும் இருக்கும். அது கோழிக்கு ஆகாது. நீல டிரம்மை அறுத்து முட்டைப் பெட்டி செய்யலாம் என்பார்கள். டேனரி வாசலைப் பார்த்த டிரம் என் கொல்லைக்குள் வராது.

கதவுக்குக் கீல் போட்ட விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பட்டையில் பதனிட்ட கனத்த தோல் துண்டு, இரண்டு விரல் அகலம். ஒரு பாதி கதவில், மறு பாதி நிலையில், வெளிப்பக்கமாக ஆணி. அவ்வளவுதான்! துரு இல்லை, கிறீச் சத்தம் இல்லை. குரோம் பதனிடும் முறை வருவதற்கு முன்னால் நம் பக்கத்தில் ஆவாரம் பட்டையில்தான் தோல் பதனிட்டார்கள். அந்த வழியில் வந்த ஒரு துண்டு இன்று என் கூண்டுக் கதவைத் தாங்குகிறது என்று நினைத்தாலே பெருமையாக இருக்கிறது.

கூண்டின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். அப்போதுதான் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில் மட்டும் விழும். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் நிற்கிறது. அடியில் கிடைக்கிற நிழலில் பகலெல்லாம் மண் குளியல். மேலே ஷீட், அதன்மேல் தென்னங்கீற்று. நம் வெயில் சாதாரணமா? 40 டிகிரியைத் தாண்டிப் போகும் ஊர். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்தில் பக்கவாட்டில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டால் உள்ளே நுழையும் காற்றே தனி சுகம். எதிர்வீட்டு பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கோழிக்கு ஊடா கட்னுகீற? நம்ம ஊட்லயே இப்டி காத்து வர்ல!" என்றார். "வாங்க பாய், உள்ள வந்து பாருங்க" என்று திறந்து காட்டினேன். அவரும் இப்போது கட்டை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வலையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அறுகோணக் கண் வைத்த கோழி வலை கோழியை உள்ளே வைக்கும். கீரியை வெளியே வைக்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ்தான் சரி. பாம்பு நுழையாது, பெருச்சாளி பல் போடாது. வலையைத் தரையோடு நிறுத்தாமல் வெளிப்பக்கமாக ஓரடி மடித்து மண்ணில் புதைத்துவிட்டேன். கீரி சுவரோரம்தான் தோண்டும். தோண்டுகிற இடத்தில் கம்பி தட்டினால் விட்டுப் போய்விடும்.

முதலில் கட்டியது ஒரே அறை. சிறுவிடைக் கோழி வந்த பிறகுதான் கூண்டு வளர ஆரம்பித்தது. உருவம் சின்னது, தாய்மையில் அதை மிஞ்ச ஆளில்லை! அடையில் உட்கார்ந்துவிட்டால் 21 நாளும் அசையாது. மற்றக் கோழிகள் அதே இடத்தில் முட்டையிட இடித்துக்கொண்டு வரும். அதனால் அடைக்கென்று இருட்டும் அமைதியுமாகப் பக்கத்தில் ஓர் அறை இழுத்தேன். குஞ்சுகளோடு தாய் காலாற நடக்க, வலை போட்ட முற்றம் அதை ஒட்டி வந்தது. புதிதாக வாங்கும் கோழியை இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்க்க, தள்ளி ஒரு சின்னக் கூண்டு. பேலட்டில் வேலை செய்வதில் இதுதான் வசதி: நாலு ஆணியைப் பிடுங்கி ஒரு பக்கத்தைத் திறந்தால் அடுத்த அறை ஒட்டிக்கொள்கிறது. உட்காரும் கொம்புக்கு மட்டும் சவுக்குக் கழி. உருண்டையாக, பிடிக்குத் தோதாக இருக்க வேண்டும். சாயங்காலம் வெளிச்சம் மங்கியதும் ஒவ்வொன்றாக ஏறி, இடத்துக்குச் சண்டை போட்டு, நெருக்கியடித்து உட்காருவதைப் பார்க்க வேண்டுமே! கம்பெனி பஸ்ஸில் இறங்கி வரும் பெண்கள் அந்த நேரத்துக்குச் சரியாக வேலியோரம் நின்றுவிடுகிறார்கள்.

தரையில் நெல் உமி, இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல். வாரத்தில் இரண்டு மூன்று முறை கிளறிவிட்டால் வாடையே வராது. நம் ஊரில் இதற்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஷேவிங் மெஷினில் உதிரும் தோல் தூள் பார்க்க மெத்தென்று இருக்கும், சும்மாவும் கிடைக்கும். அதில் குரோமியம் இருக்கிறது. கோழி எதையும் கொத்தும். வங்கதேசத்தில் டேனரிக் கழிவைக் கோழித் தீவனத்தில் சேர்த்தது உயர் நீதிமன்றம் தலையிடும் அளவுக்குப் போனது. தண்ணீரும் அப்படித்தான். பாலாற்றங்கரை நிலத்தடி நீருக்கு டேனரிக் கழிவு என்ன செய்தது என்பது 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. நாங்கள் குடிக்கும் காவிரிக் கூட்டுக்குடிநீர்தான் கோழிகளுக்கும். வாயில்லா ஜீவன் குடிக்கிற தண்ணீரில் என்ன கணக்கு?

தீனி இந்த ஊரில் ஒரு கவலையா? பிரியாணி செய்கிற நாளில் கொத்தமல்லித் தண்டு, சீரகச் சம்பா நொய் எல்லாம் கூண்டுக்கு. குஞ்சுகளுக்கு மட்டும் பழைய கிராமத்து முறை. ஒரு மண்பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் வைக்கோலும் அடைத்து, தண்ணீர் தெளித்து, கரையான் ஓடுகிற இடத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பேன். காலையில் தூக்கினால் பானை முழுக்க வெள்ளையாகக் கரையான்! தட்டிக் கொட்டும்போது தாய்க்கோழி 'கொக் கொக்' என்று கூப்பிடும். ஒரு குஞ்சு அலகில் கவ்விக்கொண்டு ஓடும். மற்றதெல்லாம் தரையில் இருப்பதை விட்டுவிட்டு அதைத் துரத்தும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே எத்தனை கூண்டு வேண்டுமானாலும் கட்டுவேன்.

கட்டப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. எவ்வளவு நல்ல வலையானாலும் வெள்ளைக் கழிச்சலைத் தடுக்காது. வந்தால் கூண்டே காலியாகிவிடும். அதற்கான தடுப்பு மருந்தைத் தயாரிக்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம், 1932-இல் தொடங்கியது, நம் ராணிப்பேட்டையிலேயே இருக்கிறது. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. பிப்ரவரியில் ஊர் ஊராக முகாம் போடுகிறார்கள். கோழிகளைக் கூடையில் போட்டு அவசியம் எடுத்துக்கொண்டு போங்கள்.